ஒற்றை வோட்டு

ஸ்ரீமதி ஹெலன் ஸுஸ்மான் தென்னாப்பிரிக்கப் பார்லிமெண்டில் 1953 முதல் 36 ஆண்டுகள் இருந்தார். அவற்றில் 13 ஆண்டுகள் முற்போக்குக் கட்சியின் ஒரே அங்கத்தினராக. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த சபை அது. 1963-ல், சந்தேகித்தவரை விசாரணையின்றி 90 நாள் காவலில் வைக்கும் மசோதா வந்தது. பிரதான எதிர்க்கட்சியும் சர்க்காரோடு சேர்ந்துகொண்டது. எதிராக விழுந்தது இவருடைய வோட்டு ஒன்றுதான்.

சட்டத்தைத் தடுக்க இயலாதவர் கேள்விகளை விடவில்லை. மந்திரி விடையளித்தே தீரவேண்டும், விடை அச்சேறிவிடும். அக்கேள்விகளால் தேசத்துக்கு அவமானம் என்று சீறினார் ஒரு மந்திரி. அவமானம் கேள்விகளால் அன்று, உங்கள் விடைகளால் என்றார் அம்மையார். கேள்வி கேட்ட பையனை அதட்டி உட்காரவைத்திருக்கும் நமக்கு இது சுருக்கென்றது.

1967-ல் ராபன் தீவுச் சிறையில் நெல்ஸன் மண்டேலாவைக் கண்டார். நாஜிச் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்த வார்டர் ஒருவனின் கொடுமையை மண்டேலா முறையிட்டார். அவ்வார்டர் பின்னர் அங்கிருந்து அகற்றப்பட்டான்.