கண்டியும் கடாரமும்: ஒரு பொய்யான ஒப்பீட்டுக்கு மறுப்பு

புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றிப் பேசும் மேடைகளிலும் எழுதப்பெறும் கட்டுரைகளிலும் ஓர் ஒப்பீடு திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மலேசியாவுக்குப் போன தமிழன் படித்தான், சங்கம் வைத்தான், அமைச்சனானான். இலங்கை மலையகத்துக்குப் போனவனோ இருநூறு ஆண்டு கழிந்தும் லயத்து அறையை விட்டு வெளியேறவில்லை. எனவே முன்னவனிடம் முயற்சி இருந்தது, பின்னவனிடம் குடியும் கடனும் இருந்தன. இதுவே அவ்வொப்பீட்டின் சாரம். புதுக்கோட்டைச் சீமையிலும் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவோரைப் பலமுறை கண்டிருக்கிறோம். கைதட்டுவோரில் பலருடைய பாட்டன்மாரே கப்பலேறியவர்கள் என்பதை நினைக்கையில் நகைப்பதா நோவதா என்று தெரியவில்லை. இவ்வொப்பீடு தவறானது, அதனினும் மேலாக, அநீதியானது.

முதலில் புறப்பட்ட இடத்தைப் பார்ப்போம். புதுக்கோட்டை அன்று தொண்டைமான்களின் சமஸ்தானம். பெரும்பகுதி கண்மாயை நம்பிய வானம் பார்த்த பூமி. மழை இரண்டாண்டு பொய்த்தால் ஊரைவிட்டுக் கிளம்புவதன்றி நிலமற்றவருக்கு வேறு வழியில்லை. கண்டிச் சீமைக்குச் சென்றோர் தொடக்கத்தில் இராமநாதபுரக் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார் கடந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். 1914ஆம் ஆண்டில்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பல் வந்தது. மலாய் நாட்டுக்குச் சென்றோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். சோழர் காலத்துக் கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் கெடா மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் இவர்களே பால்மரம் சீவினர். இரு வழியிலும் சென்றோர் ஒரே கண்மாய்க்கரை மக்கள். மாரியம்மனையும் மதுரைவீரனையும் இரு சாராருமே சுமந்து சென்றனர். எந்தக் கங்காணி முதலில் ஊருக்கு வந்தான் என்பதே ஒருவன் கண்டிக்குப் போவதா கடாரத்துக்குப் போவதா என்பதைத் தீர்மானித்தது.

கங்காணி முறையும் இரண்டு இடத்துக்கும் பொதுவே. முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். அந்தப் பணம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். இலங்கையில் இது இன்னும் ஒருபடி மேலே போயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆள்களை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். மனிதனை அவன் கடனோடு சேர்த்து விலைபேசிய அந்தச் சீட்டு 1921ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. கடனாளியாக இருந்தது மலையகத் தமிழனின் குணக்கேடு என்று பேசுவோர், அவன் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே கடனாளியாக ஆக்கப்பட்டிருந்தான் என்பதை அறிந்துதான் பேசுகிறார்களா?

குடியைப் பற்றியும் சொல்லிவிடுவோம். மலாயாவின் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் அரசின் உரிமத்தோடு, நிருவாகத்தின் ஆதரவில், லயங்களுக்கு அருகிலேயே நடந்தன. வாங்கிய கூலியில் ஒரு பங்கு அன்று மாலையே அங்குத் திரும்பிச் சென்றது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற விதியை நீக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டுச் சுடப்பட்டவரின் மக்களைப் பார்த்துக் 'குடித்தே கெட்டார்கள்' என்கிறோம். இதற்கு மேல் என்ன சொல்ல?

அப்படியாயின் இரு சமூகங்களும் பிரிந்தது எங்கே? சட்டப் புத்தகத்தில். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். மலையகத்தின் முதன்மை எழுத்தாளராகிய சி.வி.வேலுப்பிள்ளையும் அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. முன்பு பிறந்தவன் குடிமகனாக வேண்டுமானால் அவன் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்கே குடியுரிமை கிடைத்தது. வாக்குரிமையும் போயிற்று. அச்சட்டத்துக்கு அன்றைய யாழ்ப்பாணத் தலைமையின் ஒரு பகுதி துணைநின்றது என்பதும், மலையக மக்களின் குடியுரிமைப் பறிப்பை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் அவ்வாண்டே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதும் மறக்கத்தக்கன அல்ல. 1952 தொடங்கி 1977இல் தொண்டமான் வெல்லும் வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தம் விரலால் கிள்ளித் தந்த மக்கள் தமக்கென ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப இயலவில்லை.

இடையே 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இரு அரசுகளும் பங்கிட்டன. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டார் இல்லை. 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை மக்கள்தொகையில் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்த இச்சமூகம், 2012இல் 4 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டோரையும் கழித்துப் பார்த்தாலும், இத்தகைய சரிவு இயல்பாக நேர்வதன்று. அமைப்பு குலைந்து, குடும்பங்கள் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிழிந்த அதே காலத்தில், 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. உழைத்தவனுக்கு ஒரு குழி நிலம் வரவில்லை. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். 1977இல் தோட்ட நிலத்தைப் பறிப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடற்றோராக எஞ்சியவர்களுக்கு வழிசெய்த சட்டம் 2003இல் வந்தது. ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் அரசிதழில் ஏறியது.

இனி மலாயா. 1957 ஆகஸ்டு 31க்குப் பின் அங்குப் பிறந்த குழந்தை, அன்றைய அரசியலமைப்பின்படி, பிறப்பாலேயே குடிமகனாயிற்று. முன்பே வந்து தங்கியவர் பதிந்துகொள்ள வழி திறந்திருந்தது. ம.இ.கா. ஆளும் கூட்டணியில் இடம்பெற்றது, வீ.தி.சம்பந்தன் 1955 முதலே அமைச்சர். ஆங்கில முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி அவர்கள் வேலை செய்த தோட்டங்களையே அவர்கள் பெயரில் வாங்கினார். மலையகத்தில் சிக்கனமான தொழிலாளி இல்லாமலா போனான்? இருந்தான். ஆனால் குடியுரிமை அற்றவன் சேர்த்த காசு, நிலமாக மாறுவதற்குப் பாதை இல்லை. தமிழ்ப்பள்ளிகளும் அவ்வாறே. மலேசியாவில் அவை தேசியக் கல்வி அமைப்பின் பகுதியாகி இன்றும் 500க்கு மேல் நடக்கின்றன. இலங்கைத் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

மலேசியா சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. விடுதலையின்போது பதிந்துகொள்ளாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்களின் கதை வேறு. 1969ஆம் ஆண்டுக் கலவரத்தை ஒட்டிய காலத்தில் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் கைவேலையை இழந்து தமிழகம் திரும்பினர். ஒரே தோட்டம், ஒரே லயம். நீல அட்டைக்காரர் தங்கினார், சிவப்பு அட்டைக்காரர் கப்பலேறினார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் வீட்டுமனைகளாயின, மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் நகர்ப்புறப் புறம்போக்கில் ஒதுங்கினர். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்றவர்களில் பலர் அவர்களுடைய பிள்ளைகள்தாம்.

பண்பாடே உயர்வு தாழ்வுக்குக் காரணம் என்போருக்கு மலேசியாவுக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற தமிழர் அங்கு எழுத்தராக, இரயில்வே அலுவலராக, ஆசிரியராகப் போய் இறங்கினர். அவர்கள் வழியினர் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் விளங்குகின்றனர். மொழி ஒன்று, சைவம் ஒன்று, தைப்பூசம் ஒன்று. வேறுபட்டது என்ன? 1816 முதல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பள்ளிகள். ஆங்கிலம் கற்றவன் அலுவலக நாற்காலிக்கு ஆள் சேர்க்கப்பட்டான், கல்லாதவன் மரத்தடிக்கு. நூறாண்டுக்குப் பின் ஒருவர் பேரன் மருத்துவர், மற்றவர் பேரன் சரக்குந்து ஓட்டுநர் என்றால், அதைக் குணத்தின் கணக்கில் எழுதுவது என்ன அறம்?

சிக்கனம்தான் காக்கும் என்போர் நம் மாவட்டத்தின் கோனாபட்டுக்கோ இராயவரத்துக்கோ ஒருமுறை போய்வரலாம். பர்மாத் தேக்கில் எழுந்த அந்த மாளிகைகளுக்கு உரியோரைக் காட்டிலும் கணக்குத் தெரிந்தவர் யார்? கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பின், கடன் அடைபடாமல் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. 1942இல் போர் துரத்தியது. 1948இல் பர்மா அரசின் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. 1960களில் நே வின் ஆட்சி எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது. பேரேட்டில் ஒரு பைசா பிசகாதவர்களையும் அந்நாட்டின் சட்டம் வெறுங்கையோடு அனுப்பியது. அவர்களில் பலர் மீண்டெழுந்தது உண்மை. மீண்டெழ இங்கே வீடும், உறவும், முதலும் இருந்தன என்பதும் அதே அளவு உண்மை. மண்டபம் முகாமில் ஒரு தகரப்பெட்டியோடு இறங்கிய மலையகக் குடும்பத்துக்கு இவற்றில் எது இருந்தது? விட்டுப் போன ஊரில் அவர்களுக்குக் காத்திருந்தது 'சிலோன்காரன்' என்ற பட்டம்.

இலக்கியம் படித்தவர்களாகிய நம் மீதும் பழி உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை வகுப்பில் நடத்துகிறோம். இம்மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்த அகிலன் மலேசியத் தோட்டங்களை வைத்து எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவலைக் கூட்டங்களில் மேற்கோள் காட்டுகிறோம். மாணவர் கண்ணீர் விடுகின்றனர்; நாமும் தொண்டை கமறுகிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவையேனும் நாம் அவர்களுக்குப் படித்துக் காட்டியதுண்டா? துயரத்தை விதியாகக் கற்பித்துவிட்டால், அடுத்த மேடையில் அதைக் குணக்கேடாக மாற்றுவது எளிதாகிவிடுகிறது.

இது பழங்கதை என்று எவரும் தள்ளிவிட வேண்டா. திருமயம் செல்லும் சாலையில் இலேனாவிளக்கிலும், ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லையிலும், அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையிலும் இலங்கைத் தமிழருக்கான முகாம்கள் உள்ளன. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பெயர் மாறியதில் மகிழ்ச்சிதான். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்கு ஓடி, அங்கிருந்து படகேறி வந்தவர்கள் தமிழக முகாம்களில் கணிசமாக உள்ளனர். அதாவது, இந்த மண்ணிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றைச் சொல்லிற்று, இலங்கையைச் சொல்லவில்லை. 1987 சூலை 1க்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும் என்கிறது நம் சட்டம். இலங்கை 1948இல் கேட்டதும் இதுபோன்ற ஒன்றைத்தானே? முகாமில் பிறந்து, நம் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி, நம் கல்லூரியில் பட்டமும் பெற்ற பிள்ளை அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க இயலாமல் பெயிண்ட் அடிக்கப் போகிறான்.

கண்டியையும் கடாரத்தையும் ஒப்பிட்டுப் பேச விரும்புவோர் தம் அடுத்த கூட்டத்தை இலேனாவிளக்கில் வைத்துக்கொள்ளட்டும். முயற்சி இல்லாதவன் எவன் என்று அங்குள்ள பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்திக்கொண்டு சொல்லட்டும்; கேட்க நாமும் வருகிறோம்.