பேனாவுக்குள் ஒரு பித்தளைக் குழல்

தையல் ஆசிரியைக்குப் பசையைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கைத்தொழில் வகுப்பில் மரப் பேனா செய்யும் பிள்ளைகளோடு மூன்று ஆண்டுகளாக உட்கார்ந்து, பித்தளைக் குழலோடு மல்லாடிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ள பெற்றோர் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தாராளமாக எழுந்து சொல்லலாம்.

நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்குப் பிரிவு உபசார நாளில், பதினோராம் வகுப்பார் தம் கையால் செய்த மரப் பேனா ஒன்றைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு அதைப் பெற்றவர்களில் ஒருத்தி, திருப்புதல் தேர்வன்று எழுதத் தொடங்கும்போது பேனாவின் மேல்பாதியைத் திருகியிருக்கிறாள். மரம் மட்டும் சுற்றியது; முனை வெளியே வரவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் பேனா வாங்கித் தேர்வை எழுதி முடித்தாள். மறுநாள் அதை என்னிடம் கொண்டுவந்தபோது யாரையும் குறை சொல்லவில்லை. "டீச்சர், இது கையோட வந்துட்டு" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பேனாவுக்குப் பசை வாங்கிக் கொடுத்தவள் நான்.

மரப் பேனாவுக்குள் பித்தளைக் குழல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜமுந்திரியின் ரத்னம் பேனாக்களும் நம் திருவள்ளூரின் ரங்கா பேனாக்களும் எபோனைட் என்னும் கடினமாக்கிய ரப்பரில் கடையப்படுபவை. அதில் மரையை நேராகவே வெட்டிவிடலாம். குழலும் வேண்டாம், பசையும் வேண்டாம். மரத்தின் கதை வேறு. மெல்லிய மரத்தில் மரை நிற்காது. அழுத்தினால் நார்வழியே பிளக்கும். ஆகவே மரக்கட்டையின் நடுவே ஏழு மில்லிமீட்டர் அளவில் துளையிட்டு, அதற்குள் பித்தளைக் குழலை ஒட்டி, பிறகு மேல் மரத்தைக் கடைகிறோம். முனையும் திருகும் பொறியும் கவ்வியும் அந்தக் குழலுக்குள்தான் அழுத்தி இறுக்கப்படுகின்றன. பேனாவைத் திருகும் ஒவ்வொரு முறையும் விரலின் விசை மரத்திலிருந்து பசை வழியாகத்தான் குழலுக்குப் போகிறது. பசை விட்டுவிட்டால் கையில் இருப்பது பேனா அன்று, மரத்துண்டு.

நாம் குழலை ஒட்டிக் கொடுக்கிறோம். கடைந்து தருவது அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறை. சொப்புச் சாமான் கடைந்து பழகிய கைகள் அவை. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறுவதைப் பிள்ளைகள் அங்கேதான் கண்டார்கள். உடனே ஒருத்தி, "டீச்சர், நம்ம குழலையும் அரக்கு வச்சே ஒட்டிரலாமே!" என்றாள். நல்ல கேள்வி. அரிவாள் பிடிக்குள் இரும்பின் வாலை அரக்கு வைத்து இறுக்குவது பழைய வழக்கம்தான். ஆனால் கடையும் சூட்டில் மேலே உருகும் அரக்கு, உள்ளே மட்டும் உருகாமல் இருக்குமா? தேய்க்கும்போதே குழல் நழுவிவிடும். அந்த யோசனை பட்டறை வாசலிலேயே முடிந்தது.

தச்சுத் தொழில் செய்யும் பெற்றோர் ஒருவர் ஃபெவிக்காலைச் சொன்னார். 1959 முதல் நம் நாட்டு மரவேலைக்கு அது துணை. அதற்குமுன் தச்சர்கள் அடுப்பில் காய்ச்சிய வச்சிரப் பசையின் வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டது. மரத்தோடு மரத்தைச் சேர்க்க அதற்கு ஈடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது காய வேண்டுமானால் அதிலுள்ள நீர் போக வேண்டும். பித்தளை நீரைக் குடிக்காது. மரம் குடிக்கும், குடித்து உப்பும். மூடிய துளைக்குள் காயவும் நாளாகும், உலோகத்தில் பிடிப்பும் போதாது. மர மேசைக்கு ஃபெவிக்கால். பேனாக் குழலுக்கு வேண்டாம் என்பேன்.

இனி மாணவியரின் செல்லப்பிள்ளைக்கு வருகிறேன். ஐந்து ரூபாய்க் குழாயில் கிடைக்கும் உடனடிப் பசை. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்பவர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தப் பொருள் தொட்டதையெல்லாம் பற்றிக்கொண்டது. தொல்லை என்று ஒதுக்கிவைத்தார்கள். 1958இல் அதே தொல்லை பசையாகக் கடைக்கு வந்தது. அது இறுகுவதற்குப் பரப்பில் படிந்திருக்கும் துளி ஈரமே போதும். இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. ஆனி ஆடியில் குற்றாலத்துச் சாரல் கடையம்வரை எட்டிப் பார்க்கும் நாட்களில் காற்றெல்லாம் ஈரம். குழலைப் பாதி நுழைப்பதற்குள் பசை இறுகிவிடும். பிறகு குழல் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஒரே மழைநாள் வகுப்பில் ஏழு கட்டைகளை இப்படி இழந்தோம். அவற்றில் ஒன்று, பாட்டி வீட்டுப் பூவரசின் கிளையிலிருந்து ஒரு பிள்ளை ஆசையாக அறுத்துக் கொண்டுவந்தது.

நுழைந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. அந்தப் பசை இடைவெளியை நன்றாக நிரப்பாது. இறுகியபின் கண்ணாடிபோல நொறுங்கும் குணம் உடையது. மரமோ சாரலில் உப்பிக் கோடையில் சுருங்கும். பித்தளை ஈரத்துக்கு அசையாது. இந்த இழுபறிக்கு நடுவே நிற்கும் பசைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டாமா? "பசை எங்க இல்லையோ, அங்கதான் டீச்சர் மரம் தெறிக்கும்" என்று பட்டறை அண்ணாச்சி உடைந்த கட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே குழலின் ஒரு பக்கம் பளபளவென்று வெறுமையாக இருந்தது.

இதையெல்லாம்விட என்னை உறுதியாகப் பேசவைப்பது வேறொன்று. ஒரு மாணவி சிந்திய உடனடிப் பசையைப் பருத்திக் கைக்குட்டையால் துடைத்தாள். கைக்குட்டையிலிருந்து புகை எழுந்தது. விரல் சுட்டுக் கத்திவிட்டாள். பருத்தியிலும் கம்பளியிலும் அந்தப் பசை மிக வேகமாக இறுகும்; அந்த வேகத்தில் சூடு பிறக்கும்; கொப்புளம் போடும் அளவுக்குச் சுடும். நம் பிள்ளைகளின் சீருடைத் துப்பட்டா பருத்தி கலந்தது என்பதைப் பெற்றோர் நினைத்துப் பாருங்கள். வீட்டில் செருப்பு ஒட்ட வாங்கிவைத்தாலும் இதை அறிந்திருப்பது நல்லது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புநீரில் ஊறவிட வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவி, இமையைப் பிரிக்க முயலாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது.

ஆகவே என் வாக்கு, பிசினும் இறுக்கியும் தனித்தனிக் குழாயில் வரும் எபாக்சிப் பசைக்கு; கடையில் அரால்டைட் என்று கேட்டால் தருவார்கள். 1946இல் சுவிட்சர்லாந்தில் அறிமுகமாகி, உலோகம் ஒட்டுவதில் பெயர் எடுத்தது. அதிலும் ஐந்து நிமிட வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகையே வேண்டும். குழலை நுழைக்கவும், திருப்பவும், சரிசெய்யவும் நேரம் தருகிறது. இடைவெளியை நிரப்புகிறது. நீர் ஆவியாகிக் காயும் பசை அன்று. இரு பொருள் சேர்ந்து தாமே இறுகுவதால் மூடிய துளைக்குள்ளும் இறுகும். அதற்கும் குறை உண்டு. சிலருக்குத் தோல் அரிப்பு வரும். கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவைத்தே கலக்க வேண்டும். பிசினும் இறுக்கியும் பெட்டியில் சொன்ன அளவில் சேர வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒருமுறை இறுக்கியை நான் கூட்டிவிட்டேன். மூன்றாம் நாளும் அது பலாப்பழப் பால்போலப் பிசுபிசுத்தது.

எந்தப் பசையானாலும் முன்வேலை செய்யாதவருக்கு அது உதவாது. பளபளக்கும் குழலை உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்து, துடைத்து, பிறகு விரலால் தொடாமல் வைக்க வேண்டும். குழலின் இருவாயையும் பச்சை உருளைக்கிழங்கு வில்லையில் அழுத்தினால் அதுவே அடைப்பாகிவிடும். பசை உள்ளே புகாது. (சமையற்கட்டுச் சிஸ்டர் இதற்கு முதலில் முகம் சுளித்தார், இப்போது அவரே முளைவிட்ட கிழங்கை எடுத்துவைக்கிறார்.) குழலில் மட்டுமன்றித் துளைக்குள்ளும் பசை தடவி, திருகித் திருகி உள்ளே விட வேண்டும். நேரே தள்ளினால் பசை முழுவதும் வாசலிலேயே வழிந்து நின்றுவிடும்.

இதற்கெல்லாம் நாற்பது நிமிட வகுப்பு போதாது என்கிறார்கள். உண்மைதான். உடனடிப் பசை வகுப்புக்குள் முடிந்துவிடும். இது மறுநாள்வரை கேட்கும். ஆனால் அந்தக் காத்திருப்பு நேரத்தில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லையே! வெள்ளி மாலை கடைசி வகுப்பில் ஒட்டி அலமாரியில் வைத்தால் திங்கள் காலை எடுத்துப் பட்டறைக்கு அனுப்பலாம். கால அட்டவணையில் கைத்தொழிலைச் செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். செலவு சற்றுக் கூடும். வீணான ஏழு கட்டைகளையும் அவற்றின் குழல்களையும் கணக்கில் சேர்த்தால் கூடுமா என்பது சந்தேகமே.

அந்தத் திருப்புதல் தேர்வுப் பேனாவைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி வைத்திருக்கிறேன். உரியவள் இப்போது திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் தங்கையிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். பெற்றோர் வீட்டில் பூவரசு, வேம்பு, வேங்கை, தேக்கு எதன் துண்டு கிடந்தாலும், நன்கு காய்ந்ததாக இருந்தால், ஒரு சாண் நீளம் போதும், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். பசை கலக்க ஐஸ் குச்சிகளும் வேண்டும்.

— கைத்தொழில் வகுப்புப் பொறுப்பாசிரியை