உழவர் நிறுவனம் வளர்கிறது. ஊரும் உடன் வளர வேண்டாமா?

கிராமப்புறங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய பெயர்ப் பலகை தென்படுகிறது. 'உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்' என்பது அது. சிறு விவசாயிகள் பங்குப் பணம் போட்டுத் தொடங்கும் கம்பெனி இது. பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழி திறந்தது. 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபின் இவை வேகமாகப் பெருகின. அத்திட்டத்தின்படி சமவெளிப் பகுதிகளில் ஒரு நிறுவனத்தில் குறைந்தது 300 விவசாயிகள் சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பங்குத் தொகைக்கு ஈடாக உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரையும், நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் வரையும் மானியம் உண்டு.

இந்நிறுவனங்கள் பெரும்பாலும் உரம், விதை ஆகியவற்றை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுப்பதில்தான் தொடங்குகின்றன. சற்றுக் காலூன்றியதும் எண்ணெய்ச் செக்கு, தானியம் சுத்தம் செய்யும் இயந்திரம், மாவு அரைவை, மஞ்சள் மெருகூட்டல் என்று அடுத்த படிக்குச் செல்கின்றன. கொட்டகை எழுகிறது. கொட்டகைக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அன்று முதல் அந்த நிறுவனம் விவசாயிகளின் கூட்டமைப்பாக மட்டும் இல்லை. கூலி கொடுக்கும் முதலாளியாகவும் ஆகிவிடுகிறது. இந்த மாற்றத்தை உறுப்பினர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

விவசாயியே முதலாளியாகும்போது

விவசாயிகள் ஏன் நிறுவனம் தொடங்கினார்கள்? எடையில் குறை, விலையில் ஏமாற்று, பணம் கைக்கு வரத் தாமதம், கேள்வி கேட்டால் ஏளனம் - இவற்றிலிருந்து விடுபடத்தான். இப்போது கொட்டகையில் உட்கார்ந்து நிலக்கடலை பொறுக்கும் பெண்ணின் நிலை என்ன? வாரக் கூலி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறதா? கூடை நிரம்பியதா இல்லையா என்பதை மேஸ்திரி ஒருவரே முடிவு செய்கிறாரா? அப்படியானால் மண்டியில் விவசாயிக்கு நேர்ந்தது, விவசாயியின் நிறுவனத்தில் அப்பெண்ணுக்கு நேர்கிறது. பெயர்ப் பலகை மாறியதே தவிர வேறு எதுவும் மாறவில்லை என்றே பொருள்.

"இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம், முதலில் லாபம் வரட்டும், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இயக்குநர்கள் கூறுவது வழக்கம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. மூன்று ஆண்டு உதவி முடிந்தபின் முதன்மை நிர்வாகியின் சம்பளம் முதல் மின் கட்டணம் வரை நிறுவனமே சுமக்க வேண்டும். லாப விகிதமோ மிகக் குறைவு. ஆயினும், 'பிறகு' என்று ஒத்திப்போட்டது பழக்கமாகி விடுகிறது. ஐந்து பேர் வேலை செய்யும்போது பதிவேடு வைக்காத நிறுவனம் ஐம்பது பேர் வந்த பிறகும் வைப்பதில்லை.

கைரா காட்டிய வழி

இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. அன்றைய பம்பாய் மாகாணத்தின் கைரா மாவட்டத்தில், பால் கொள்முதலில் ஒரு தனியார் கம்பெனி பெற்றிருந்த தனியுரிமையை எதிர்த்து, 1946-ஆம் ஆண்டு விவசாயிகள் பால் ஊற்ற மறுத்துப் போராடினார்கள். அதன் விளைவாக அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. இரண்டு கிராமச் சங்கங்களும் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுமே தொடக்கம். பின்னாளில் 'அமுல்' என்று நாடறிந்தது அதுவே.

பெரிய ஆலையும் புகழும் வந்த பிறகுதான் ஊரை நினைக்க வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மாட்டுக்கு நோய் என்றால் வீடு தேடி வரும் கால்நடை மருத்துவ வசதியையும் செயற்கை முறைக் கருவூட்டலையும் ஒன்றியம் ஏற்படுத்தியது. பால் ஊற்றும் இடத்தில் வந்த வரிசைப்படியே நிற்க வேண்டும்; சாதி, செல்வம் பார்த்து முன்னே விடுவதில்லை. ஒன்றியத்தின் தலைவராக இருந்த திரிபுவன்தாஸ் படேல் 1970-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுப் பணமுடிப்பு அளித்தார்கள். அத்தொகையை அவர் கிராமத் தாய்மார்கள், குழந்தைகளின் உடல்நலத்துக்கான அறக்கட்டளைக்கு முதலாக்கினார். பால் சங்கங்களின் வழியாகவே அந்த அறக்கட்டளை ஊர் ஊராகப் பணியாற்றியது. ஊரின் நம்பிக்கை இருந்ததால்தான் போட்டியாளர் சில நாள் கூடுதல் விலை காட்டியபோதும் பால் சங்கத்தை விட்டுப் போகவில்லை. இந்த நம்பிக்கை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படாத மூலதனம்.

கூலி உயரும் என்ற அச்சம்

உறுப்பினர்கள் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் காரணம் ஒன்று உண்டு. கொட்டகையில் கூலியை உயர்த்தினால் வயலிலும் கூலி உயரும் என்பதே அது. காலையில் நிறுவனத்தின் இயக்குநராக அமர்ந்து கூலி நிர்ணயிப்பவர், மாலையில் தம் வயலுக்குக் களை எடுக்க ஆள் தேடுகிறார். இரண்டு இடத்துக்கும் வருவது அதே பெண்கள்தான்.

இந்த அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஊரில் கூலியைக் குறைத்து வைத்தால் ஆட்கள் ஊரிலேயே இருப்பார்களா? நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் வேன் அனுப்பி ஆட்களை ஏற்றிச் செல்லும் காலம் இது. வேனில் ஏறிப் போனவர் களை எடுப்புக்கும் அறுவடைக்கும் திரும்பி வருவதில்லை. ஆண்டில் பல மாதங்களுக்கு ஊரிலேயே நியாயமான கூலியுடன் வேலை கிடைத்தால் குடும்பங்கள் ஊரில் தங்கும். பயிர் வேலை மும்முரமான வாரங்களில் கொட்டகை வேலையைக் குறைத்து ஆட்களை வயலுக்கு விடவும் ஏற்பாடு செய்யலாம். வெளியூர் ஆலைகள் இதைச் செய்யமாட்டா. உழவர் நிறுவனத்தால் முடியும்.

தரமும் கூலியைச் சார்ந்ததே. கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் கை வேகத்தைத் தேடும். பூசணம் பிடித்த கடலையைத் தேடாது. நச்சுப் பூசணம் தாக்கிய சில கடலைகள் கலந்தாலும் மூட்டை முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம். நாள் கூலியும், சுத்தமான சரக்குக்கு ஊக்கத் தொகையும் என்று வைத்தால் அந்த இழப்பு பெருமளவு குறையும்.

உடனே செய்ய வேண்டியவை

சில கடமைகளுக்கு லாபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவை வருமாறு:

1. வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நாள் கூலியை அன்றே கொடுக்க வேண்டும். வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7 தேதிக்குள்ளும் கொடுக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வைப்பதையும் சட்டம் தடுக்கிறது.

2. பெல்ட், கப்பி, சுழலும் தண்டு ஆகியவற்றுக்குக் கம்பி வலைத் தடுப்பு போட வேண்டும். சேலை முந்தானையும் தலைமுடியும் சிக்கி நேரும் விபத்துகள் இதனால் தடுக்கப்படும். மிளகாய், மஞ்சள் அரைக்கும் இடத்தில் முகமூடியும் காற்றோட்டமும் இருக்க வேண்டும்.

3. குடிநீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், கைக்குழந்தையுடன் வருபவருக்கு நிழலான ஓர் இடமும் வேண்டும்.

4. பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடைக்கிறது. 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் வங்கிக் கணக்கின் மூலம் சேரலாம். 12 பேருக்கும் நிறுவனமே செலுத்தினால்கூட 240 ரூபாய்தான்.

பத்துப் பேர் ஆனதும்

பொதுவாக, ஆட்கள் பத்துப் பேரை எட்டினால் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமும் (இ.எஸ்.ஐ.), இருபதை எட்டினால் வருங்கால வைப்பு நிதியும் பொருந்தும். இந்த எண்ணிக்கையைத் தாண்டாமலிருக்க ஒன்பது பேருக்கு மட்டும் பதிவேட்டில் பெயர் எழுதுவது சில தொழிற்கூடங்களின் வழக்கம். உழவர் நிறுவனம் அதைப் பின்பற்றக் கூடாது.

செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2019 ஜூலை முதல் ஈட்டுறுதித் திட்டத்துக்கு நிர்வாகம் ஊதியத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். மாதம் 10,000 ரூபாய் பெறுபவருக்கு நிறுவனத்தின் பங்கு 325 ரூபாய். 12 பேருக்கு 3,900 ரூபாய். இதற்குக் குடும்பத்தினர் அனைவருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. வேலையில் அடிபட்டுப் படுத்தால், தற்காலிக ஊனத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கிறது. இது இல்லாத நிலையில் ஒரே ஒரு விபத்து அந்தக் குடும்பத்தைக் கந்துவட்டியில் தள்ளிவிடும். நிறுவனத்தையும் வழக்கில் நிறுத்தும். ஆண்டில் சில மாதங்களே இயங்கும் பருவகாலத் தொழிற்கூடங்களில் சிலவற்றுக்கு இத்திட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அத்தகையவை குழு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நலம்.

ஊருக்குச் செய்ய வேண்டியது

நிறுவனத்தின் கழிவு ஊர்க் கிணற்றைக் கெடுக்கக் கூடாது என்பது முதல் கடமை. தென்னை நார்க் கழிவைக் குவியலாக விட்டால், மழையில் அதன் சாறு இறங்கி நிலத்தடி நீரை நிறம் மாற்றுகிறது. அதையே உரமாக்கலாம். 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்து வந்தால், சுமார் 60 நாட்களில் மட்கிய உரம் கிடைக்கும். ஊர்ப் பகையும் நீங்கும். உறுப்பினர்களின் வயலுக்கு உரமும் ஆகும்.

இரண்டாவது, நிலமற்றவரைப் பங்குதாரராக்குவது. உற்பத்தியாளர் என்றால் நிலப் பட்டா உள்ளவர் மட்டும் அல்லர். கால்நடை வளர்ப்பும் சட்டப்படி முதல்நிலை உற்பத்தியே. இரண்டு ஆடு வளர்க்கும் கூலிப் பெண்ணும் உறுப்பினராகத் தகுதி உடையவரே. தனிநபர்கள் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனத்தில், எத்தனை பங்கு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். அந்த ஒரு வாக்கு அவரிடம் இருந்தால், கழிப்பறை கட்டும் தீர்மானம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகாது.

மூன்றாவது, லாபம் வந்தபின் செய்ய வேண்டியது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டக் கட்டாயம், 5 கோடி ரூபாய் நிகர லாபம் போன்ற வரம்புகளை எட்டாத சிறு உழவர் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் அனுமதி உண்டு. முந்தைய ஆண்டு நிகர லாபத்தில் 3 சதவீதத்துக்கு மேற்படாமல், சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பொதுமக்கள் நலனுக்கு நன்கொடை அளிக்கலாம். 4 லட்சம் ரூபாய் லாபத்தில் இது 12,000 ரூபாய். பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டியோ, ஊர்க் கிணற்று நீருக்குப் பரிசோதனையோ செய்ய இது போதுமானது.

பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டியது

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் வழக்கமாகக் கேட்பது, "பங்குக்கு எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைத்தான். அத்துடன் மேலும் மூன்றைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் வேலை செய்தார்கள்? கூலி எத்தனை முறை தாமதமானது? எத்தனை பேருக்கு அடிபட்டது, அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது? இந்த விவரங்களை ஆண்டறிக்கையில் ஒரு பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டால் போதும். இயக்குநர்கள் ஆண்டு முழுவதும் விழிப்புடன் இருப்பார்கள்.

கன்றாக இருக்கும்போது கொம்பு நட்டுக் கட்டினால்தான் மரம் நேராக வளரும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உழவர் நிறுவனங்களில் பெரும்பாலானவை இன்று கன்றுப் பருவத்தில்தான் இருக்கின்றன. வரும் பொதுக்கூட்டத்திலேயே இதற்கான தீர்மானங்களைக் கொண்டுவர உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.