பெருக்கக் குனியலாம், பாயில் குனியக்கூடாதா?

போன மாதம் என் ஒன்றுவிட்ட அக்கா பழமும் பூவுமாக வீட்டுக்கு வந்தார். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். அக்கா நுழைந்த நேரம், அவள் கூடத்தில் பாய் விரித்து, உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். பத்தகோணாசனமாம். பட்டாம்பூச்சி ஆசனம் என்றும் சொல்கிறார்கள். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி இது, வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணை இப்படி விட்டு வச்சிருக்கே? ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். மூத்தவர் சொன்னால் தலையாட்டிவிடுவேன். ஆட்டினேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"எட்டு மாசத்துல நான் தெருக்குழாயிலேர்ந்து குடம் குடமாத் தண்ணி தூக்கினப்போ, ஏதாவது ஆயிடும்னு யாருமே பயப்படலியே அண்ணி?"

அது 1979. புதுச்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் குழாய் கிடையாது. என் தாயார் மனைவியிடம் சொல்வார்: "குனிஞ்சு நிமிந்து பெருக்கு, மாவாட்டு, அப்பத்தான் சுகப்பிரசவம் ஆகும்." அதே தாயாரிடம் ஒரு மாலை, கடற்கரை வரை நடந்துவிட்டு வரட்டுமா என்று இவள் கேட்டாள். "மாசமா இருக்கிறவ அந்தி நேரத்துல வெளிய போறதாவது!" என்று பதில் வந்தது. கடற்கரை பத்து நிமிட நடை. நான் அன்றைக்கும் தலையாட்டினேன். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அவள் அதை மறக்கவில்லை என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த நியாயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காகக் குனிந்தால் சுகப்பிரசவம், தனக்காகக் குனிந்தால் கருவுக்கு ஆபத்து. துடைப்பம் கையில் இருந்தால் முதுகு வளையலாம், பாய் மேல் வளையக்கூடாது! அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று பெருமை பேசுகிறோமே, அது யாரும் விரும்பிச் செய்த பயிற்சி இல்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். பாரமான குடத்தை இடுப்பில் தூக்கி நடப்பது எந்தக் கணக்கிலும் மென்மையான பயிற்சியில் சேராது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை, சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்கிறது. நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான கர்ப்பத்தில் மிதமான பயிற்சியால் கரு கலைவதில்லை என்று மகப்பேறு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பும் குறைகிறது. அதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்கூட மெதுவாக ஆரம்பிக்கலாம்.

எல்லோருக்கும் பொதுவான அனுமதிச் சீட்டு இல்லை இது. நச்சுக்கொடி கீழிறங்கி இருப்பவர், கருப்பைவாய் பலவீனமானவர், ரத்த அழுத்தம் எகிறியவர், கடும் ரத்தசோகை உள்ளவர் எல்லாம் மருத்துவர் சொல்லாமல் பாயைத் தொடக்கூடாது. மற்றவர்களும் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு மல்லாந்து வெகுநேரம் படுக்கக்கூடாது, கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். கர்ப்பத்தில் மூட்டுகள் தளர்ந்து கொடுப்பதால், வளைகிறதே என்று அளவுக்கு மீறி வளைக்கவும் கூடாது. ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவ்வளவையும் மருமகள் எனக்கு ஒரே மூச்சில் சொன்னாள். அக்காவுக்கும் எனக்கும் இதில் ஒன்றாவது தெரிந்திருந்ததா? தெரியாமலே தீர்ப்பு எழுதினோம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். சேன், லுவார், ரோன் நதிகள் எங்கே பிறந்து எங்கே கலக்கின்றன என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். கர்ப்பிணி உடம்பைப் பற்றி எங்களுக்கு ஒரு வரியும் சொல்லித்தரவில்லை. அதே பிரான்சில் ஃபெர்னான் லாமாஸ் என்ற மருத்துவர் 1951-ல் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மகப்பேறு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் தசையைத் தளர்த்தும் முறையும் சொல்லிக்கொடுத்தார். 'வலியில்லாப் பிரசவம்' என்று அதற்குப் பெயர். பெயர் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணிடமே உட்கார்ந்து பேசியது பெரிய காரியம்.

வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செய்தி வருகிறது: இந்தக் காலத்துப் பெண்கள் உடம்பை வளைப்பதில்லை, அதனால்தான் சிசேரியன். இதை அனுப்புகிற நண்பர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற கிழவர்கள், காலைக் காபி டம்ளரைக்கூடக் கழுவி வைக்காதவர்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நச்சுக்கொடி வழியை மறித்தாலோ, ஆயிரம் தடவை குனிந்து பெருக்கினாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். யோகா செய்தால் சுகப்பிரசவம் நிச்சயம், குழந்தை மேதையாகப் பிறக்கும் என்று பணம் வாங்குகிறவர்களும் இதே ரகம்தான். நாளைக்கு சிசேரியன் ஆனால் பழி யார் மேல் விழும்? சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று அவள் மேல்தானே!

அக்கா கோபித்துக்கொண்டுதான் போனார். இந்தத் தடவை நான் தலையாட்டாததால் வந்த கோபம் அது.

இப்போதெல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல், கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு, மருமகளும் என் மனைவியும் நடக்கப் போகிறார்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போகிறேன். நடக்கும்போது மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். காந்தி சிலையைத் தாண்டியும் இருவரும் பேச்சை நிறுத்துவதில்லை.