மிரண்டவர்கள் யார்?

வேற்றுக்கிரக விண்கலங்கள் ஒருநாள் திடீரென்று தலைக்கு மேல் வந்து நின்றால் சாதாரண ஜனங்கள் தறிகெட்டு ஓடுவார்களாம், ஒருவரையொருவர் மிதித்துச் சாவார்களாம், கடைகளைச் சூறையாடுவார்களாம். ஆகவே அப்படியொரு தகவல் கிடைத்தால் அரசாங்கங்கள் அதை மூடிவைக்க வேண்டும். விஞ்ஞானிகள், ராணுவத்தார், உளவியலாளர்கள், சிந்தனையாளர்கள் அடங்கிய குழு ஒன்று, பக்குவம் பார்த்துச் சிறிது சிறிதாக வெளியே விட வேண்டும். சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். ஜனங்களின் மூளையை இத்தனை உறுதியோடு எடைபோடுகிறவர் அதற்கு முக்கிய ஆதாரமாகக் காட்டுவது, 1938இல் அமெரிக்காவில் ஒலிபரப்பான ஒரு வானொலி நாடகத்தை.

சரி, அதையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அக்டோபர் 30, ஞாயிறு இரவு. எச். ஜி. வெல்ஸின் நாவலை ஆர்சன் வெல்ஸ் குழுவினர் அவசரச் செய்தி பாணியில் நடித்தார்கள். நியூஜெர்சியில் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் செவ்வாய்க்காரர்கள் இறங்கிவிட்டதாகக் கதை. “அமெரிக்காவே தெருவுக்கு வந்தது” என்கிறார் கட்டுரையாளர். எந்த அமெரிக்கா? ஹூப்பர் என்ற கணிப்பு நிறுவனம் அன்றிரவு சுமார் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று விசாரித்தது. இந்த நாடகத்தைச் சொன்னவர்கள் 2 சதவீதம். அதே நேரத்தில் வேறொரு அலைவரிசையில் எட்கர் பெர்கன் தன் பொம்மையோடு வாயாடிக்கொண்டிருந்தார். அந்த நாட்டின் பெரிய கூட்டம் அங்கேதான் இருந்தது.

தெருவுக்கு வந்த அமெரிக்கா மறுநாள் காலைப் பத்திரிகைகளில் பிறந்தது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே பீதி என்று போட்டது. விளம்பர வருமானத்தை வானொலி வாரிக்கொண்டு போன காலம் அது. வானொலியை நம்பக் கூடாது என்று காட்டப் பத்திரிகை முதலாளிகளுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. எண்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தலைப்புகளையே நம் கட்டுரையாளர் வரலாறு என்று வாசித்துக்கொண்டிருக்கிறார்.

பிரின்ஸ்டனின் ஹாட்லி கான்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்வையும் அவர் வீசுகிறார். புரட்டிப் பார்த்தாரா, தெரியவில்லை. விரிவாகப் பேட்டி காணப்பட்டவர்கள் 135 பேர். அவர்களில் பெரும்பாலோர், நாடகத்தைக் கேட்டுப் பயந்தவர்கள் என்று தெரிந்தே பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுத்த மாதிரி. அந்தக் கான்ட்ரிலே கூட, கேட்டவர்கள் 60 லட்சம் என்றால் கலங்கியவர்கள் 12 லட்சம் என்றுதான் மதிப்பிட்டார். கலங்கினார்கள், சரி. அதற்காக எல்லோரும் ஓடினார்களா?

பயந்தவர்களில் பலர் செய்த காரியம் என்ன? அலைவரிசையை மாற்றிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். போலீசுக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் போன் போட்டார்கள், உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வந்திருப்பது ஜெர்மன்காரன் என்று நினைத்தவர்களும் உண்டு. மியூனிக் ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போர் வருமா வராதா என்று நிகழ்ச்சிகளை நிறுத்தி நிறுத்திச் செய்தி வாசித்த அதே வானொலி இது. அந்தச் சூழ்நிலையில் சந்தேகம் வந்தவனை முட்டாள் என்பது, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு மட்டுமே சாத்தியம்.

அடுத்து கீட்டோ. இதை அவர் ஒரே வரியில் தாண்டிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. 1949 பிப்ரவரி 12 அன்று ஈக்வடோர் தலைநகரில் ரேடியோ கீட்டோ அதே கதையை உள்ளூர்ப் பெயர்களோடு ஒலிபரப்பியது. அமைச்சர், மேயர் குரல்களில் நடிகர்கள் பேசினார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்தது நிஜம். ஆனால் அந்த இரவின் கொள்ளியும் கல்லும் எப்போது பறந்தன? செவ்வாய்க்காரன் வருகிறான் என்றபோதா? இல்லை. இத்தனையும் நாடகம் என்று நிலையம் அறிவித்த பிறகு. தங்களை ஏய்த்துவிட்டார்கள் என்று தெரிந்த கூட்டம், நிலையம் இயங்கிய எல் கொமெர்சியோ பத்திரிகைக் கட்டடத்தைக் கொளுத்தியது. குறைந்தது ஆறு பேர் செத்தார்கள். நியாயப்படுத்தவே முடியாத கொடுமை அது. ஆனால் அந்தக் கோபத்தைக் கிளப்பியது செவ்வாய்க்காரன் அல்ல, அதிகாரத்தின் குரலில் சொல்லப்பட்ட பொய். கட்டுரையாளர் மருந்தாகச் சிபாரிசு செய்வதும் அதே பொய்யைத்தான். என்ன, கொஞ்சம் நீண்ட காலத்துக்கு, அரசு முத்திரையோடு.

நாடகம் வேண்டாம், நேரில் கண்ட கதை வேண்டுமென்றால் அரிசோனாவுக்குப் போகலாம். 1997 மார்ச் 13 இரவு, பீனிக்ஸ் நகரத்து வானத்தில் வரிசை கட்டிய விளக்குகளை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். பிரம்மாண்டமான கலம் ஒன்று சத்தமில்லாமல் போனதாகவே பலர் நம்பினார்கள். விமானப்படை போட்ட ஒளிக்குண்டுகள் என்று பிறகு ஒரு பகுதிக்கு விளக்கம் வந்தது, அது இருக்கட்டும். நம்பியவர்கள் யாரை மிதித்தார்கள்? எந்தக் கடையை உடைத்தார்கள்? வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வீடியோ எடுத்தார்கள். என்ன அது என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள்.

ஆளுநர் ஃபைஃப் சைமிங்டன் சொன்ன பதில்தான் ரசமானது. ஜூன் மாதம் பத்திரிகையாளர்களைக் கூட்டி, குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று சொல்லி, வேற்றுக்கிரக வேஷம் போட்ட தன் உதவியாளரையே கைவிலங்கோடு மேடையில் நிறுத்தினார். கேள்வி கேட்ட குடிமக்கள் கேலிப்பொருள் ஆனார்கள். பத்து வருஷம் கழித்து, 2007இல், அதே மனிதர் அன்றிரவு தானும் அதைப் பார்த்ததாகச் சொன்னார். கிலி பரவியிருந்ததால் சூழ்நிலையை லேசாக்கவே அப்படிச் செய்தேன் என்பது அவர் சமாதானம். ஒரு கல்கூட விழாத ஊரில், கேள்வி கேட்பதையே கிலி என்று புரிந்துகொண்டவர் ஆளுநர்தான்.

இப்படிப்பட்டவர்கள் கையில்தான் சாவியைக் கொடுக்கச் சொல்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. அந்தக் குழுவில் விஞ்ஞானிகள் யார், ராணுவத்தார் யார், உளவியலாளர்கள் யார் என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம். சிந்தனையாளர் நாற்காலி மட்டும் யாருக்கு என்று கட்டுரையாளர் அடக்கத்தோடு சொல்லாமல் விட்டிருக்கிறார்.