கொல்லிமலைக்கு எட்டாத கணக்கு

திருநங்கையருக்கென 2008-ல் நல வாரியம் ஏற்படுத்தி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் செலவில்லாமல் பால்மாற்று அறுவைச் சிகிச்சைக்கும் வழி செய்தது தமிழ்நாடு. இதற்காக நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் அந்த வைத்தியத்தை நாடிய வாலிபர்களின் வாழ்வு பின்னர் எப்படியிருக்கிறது என்று கேட்டால், இத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது என்று சொல்வது பதிலாகுமா?

கொல்லிமலைச் செம்மேட்டில், பெண்ணென்று பதிவாகி, தம்மை ஆணென்று உணரும் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். மனோதத்துவ வைத்தியரைக் காணவும், ஹார்மோன் மருந்து பெறவும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்க வேண்டும். சென்னைக்கென்றால் 300 கிலோமீட்டருக்கு மேல். முதல் தடவை கூலி போகும். இரண்டாம் தடவை வீட்டார் காரணம் கேட்பார்கள். மூன்றாம் தடவை அவர் போகாமலே நின்றுவிடலாம். நின்றது வேண்டியது கிடைத்ததாலா, மனம் மாறியதாலா, பஸ் கட்டணம் இல்லாமையாலா? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மூன்றும் ஒரே வெற்றிடந்தான். திரும்பி வந்தவர்களை மட்டும் விசாரித்து ‘எல்லோருக்கும் திருப்தி’ என்று எழுதுவது, ஒரு தரப்புச் சாட்சியை மாத்திரம் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு. கோர்ட்டில் அது ஒரு நாள் நில்லாது.

இங்கிலாந்தின் அனுபவத்தைப் பாருங்கள். இளம்பிராயத்தில் சிகிச்சைக்கு வந்த சுமார் 9,000 பேரின் பிற்கால நிலையைப் பழைய பதிவுகளால் அறிய டாக்டர் ஹிலாரி காஸ் குழுவினர் முயன்றனர். பெரியவர்களுக்கான நிலையங்களில் பெரும்பாலானவை ஒத்துழைக்கவில்லை. 2024-ல் அறிக்கை வெளிவந்தது; அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இரு கட்சியாரின் கூச்சலோ ஓயவில்லை.

2019-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை அளிக்க வேண்டுமென விதித்தது. ஆலோசனை பயன்பட்டதா என்று கேட்டறியும் கடமையை எவர்மீது சுமத்தியது?

ஆகவே, தொடக்கத்தில், ஓராண்டில், ஐந்தாண்டில், அவர்களிடமே கேட்க வேண்டும்: உறக்கம், படிப்பு, வேலை, வீட்டாரின் உறவு, உடல் உபாதை, வருத்தமிருந்தால் அதுவும். வருந்துகிறேன் என்பவரை ஏசாமலும், மகிழ்கிறேன் என்பவரைச் சந்தேகியாமலும் எழுதிக்கொள்ள வேண்டும். கேட்பவர்களில் திருநங்கையரும் திருநம்பியரும் இருத்தல் அவசியம். பெயர் வெளியாகுமாயின் மலைக்கிராமத்தில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். பதில் சொல்ல மறுத்தவருக்குச் சிகிச்சையும் மறுக்கப்படலாகாது. மருந்தை விட்டு நின்றவரைத் தேடிச் செல்வதே இதில் கடினமான வேலை. அதையே முதலில் செய்யவேண்டும். மாதம் ஒரு நாளாவது வைத்தியர் செம்மேட்டுக்கு ஏறட்டும். அன்றியும் கீழே வரவேண்டியவரின் பஸ் கட்டணத்தைச் சர்க்காரே கொடுக்கட்டும்.