மருந்து மாட்டுக்கா, மனசாட்சிக்கா?

லாரியில் ஏற்றும் முன் மெலாக்சிகம் கொடுத்தால் மாட்டின் பயண அவதி ஓரளவு குறையலாம் என்கின்றன சில அமெரிக்க ஆய்வுகள். நல்ல மருந்துதான். ஆனால் மக்களே, மணலி புதுநகர் பக்கம் கண்டெய்னர் நெரிசலில் ஒரு மாட்டு லாரி சிக்கினால் தாகத்தை எந்த மருந்து தீர்க்கும்? மிதிபட்டு ஒடிந்த காலை எந்த மருந்து ஒட்டும்? 1978 விதிப்படி சாதாரண லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. அதை மீறிவிட்டு வலியை மட்டும் மறைப்பதற்குப் பெயர் வைத்தியமா?

யோசிக்காமல் வலிமருந்து கொடுத்த கதையும் தெரிந்ததுதான். டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்றே பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ல்தான் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். முதலில் இடமும் தண்ணீரும் கொடுங்கள். மருந்தெல்லாம் அப்புறம்!